அளவும் முகமும்

சித்திரம் எழுதக் கற்றுக்கொடுக்கும் புஸ்தகங்களைப் பற்றி யாரும் விமரிசனம் எழுதுவதில்லை. சமையல் புஸ்தகத்தைப்போல அவையும் உபயோகத்துக்கானவை, இலக்கியத்தோடு சம்பந்தமில்லாதவை என்று விட்டுவிடுகிறோம். ஆனால் ஒரு மனித முகத்தை எப்படிப் பார்ப்பது என்று சொல்லித்தருகிற புஸ்தகம், கதை எழுதுகிறவனுக்குச் சம்பந்தமில்லாமல் எப்படிப் போகும்? ஆகவே அவற்றைப் பற்றி எனக்குள்ள அபிப்பிராயத்தைச் சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

முதலில் அவற்றின் நல்ல குணம். முகம் எழுதப் புகுகிறவன் சாதாரணமாகச் செய்கிற முதல் தப்பு, கண்ணை மேலே தூக்கி வைத்துவிடுவது. கண், மூக்கு, வாய் இவைதான் முகம் என்று மனசு நினைத்துக்கொண்டிருக்கிறது. நெற்றியும் மண்டையும் கவனத்தில் படுவதே இல்லை. உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் நட்டநடுவில் கண் இருக்கிறது என்று புஸ்தகம் சொல்கிறது. தலையின் அகலம் ஏறக்குறைய ஐந்து கண். இரு கண்களுக்கும் இடையே ஒரு கண் அளவு இடைவெளி. காது, புருவத்துக்கும் மூக்கின் அடிக்கும் இடைப்பட்டது. கற்கவேண்டிய விஷயங்கள்தாம். நம் சிற்ப சாஸ்திரமும் இந்த வழியில் போனதுதான். முகத்தின் நீளத்தை ஒரு தாளமாக வைத்து, தாளத்துக்குப் பன்னிரண்டு அங்குலமாகப் பிரித்து, நவதாள உருவத்துக்கு 108 அங்குலம் என்று கணக்கிட்டார்கள். ஆனால் ஸ்தபதி செய்தது தெய்வத்தை. தெய்வத்துக்கு அளவு போதும். அடுத்த வீட்டுக்காரரை எழுத அது போதாது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நாற்பது வயசுக்குமேல் இந்த ஆசை வந்து, புஸ்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாலு சாயங்காலம் அம்மாவைத் திண்ணையில் உட்காரவைத்து எழுதினேன். முடிந்ததும் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "யாருப்பா இந்தப் பொண்ணு? லட்சணமா இருக்காளே!" என்றாள். அளவில் ஒரு பிழையும் இல்லை. அம்மாதான் அதில் இல்லை.

இந்தப் புஸ்தகங்களின் பெரிய குறை இதுதான் என்பேன். பொதுவான முகத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டு, கற்றது முடிந்தது என்று சொல்லிவிடுகின்றன. பொதுவான முகத்திலிருந்து ஒருத்தர் முகம் எங்கே, எவ்வளவு விலகுகிறது என்பதுதான் அவருடைய சித்திரம். அளவு தெரிந்தால்தான் விலகல் தெரியும், வாஸ்தவம். ஆனால் அளவைக் கற்பது அந்த விலகலைக் காண்பதற்காக.

ஜெர்மனியில் நியூரம்பர்க் நகரத்தில் இருந்த ஆல்பிரெஹ்ட் டியூரரை இதற்குச் சாட்சியாகக் கூப்பிடலாம். மனித உடலின் அளவுகளைப் பற்றி நாலு பாகத்தில் நூல் எழுதியவர் அவர். அது 1528இல், அவர் இறந்த அதே வருஷத்தில், இறந்தபிறகு வெளிவந்தது. அளவுப் பைத்தியம் என்றே சொல்லலாம். ஆனாலும் அழகு இன்னதென்று தமக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டவர். நூலிலும் ஒரே அளவை விதிக்காமல் ஒல்லி, பருமன், நெட்டை என்று பல வகைகளைத் தந்து, அளவை மாற்றும் வழிகளையும் காட்டினார்.

இவர் 1514இல் தம் தாயைக் கரித்துண்டால் எழுதினார். அவளுக்கு அப்போது 63 வயசு. பதினெட்டுக் குழந்தை பெற்றவள், மிஞ்சியது மூன்று. அந்தப் படத்தை நான் அச்சுப் பிரதியில்தான் பார்த்திருக்கிறேன். கன்ன எலும்பு துருத்துகிறது. கழுத்து நரம்பு கயிறுபோல நிற்கிறது. இரு கண்களும் ஒரே இடத்தைப் பார்க்கவில்லை. அளவு நூல் எழுதப்போகிற கை எதையும் சரிசெய்யவில்லை. எழுதி இரண்டு மாதத்தில் அவள் போய்விட்டாள். இறந்தபின் அவள் முகம் உயிரோடிருந்தபோதைவிட அழகாக இருந்தது என்று மகன் குறித்துவைத்தார். அப்படியானால் உயிரோடிருந்தபோது அழகில்லாததை அறிந்தேதான் எழுதியிருக்கிறார். அன்பு குறைந்தவனால் இதைச் செய்ய முடியாது. அன்பு குறைந்தவன் லட்சணமாக எழுதிவிட்டுப் போய்விடுவான்.

இரண்டாவது குறை, ரப்பர். தப்பைத் திருத்துவதற்கு இந்தப் புஸ்தகங்கள் தாராளமாக இடம் கொடுக்கின்றன. டியூரர் பதின்மூன்று வயசில், 1484இல், கண்ணாடியைப் பார்த்துத் தம்மையே எழுதிய படம் வியன்னாவில் ஆல்பர்ட்டினா காட்சிசாலையில் இருக்கிறது. அது வெள்ளிக் கம்பியால் எழுதியது. எலும்புத் தூள் போன்ற பூச்சிட்ட காகிதத்தில் வெள்ளி உரசிச் சாம்பல் நிறக் கோடு விழும். விழுந்த கோட்டை அழிக்க முடியாது. தட்டார் மகனுக்கு அந்தப் பயிற்சி பொருத்தந்தான்.

நீர்வர்ணமும் இந்த ஜாதியைச் சேர்ந்ததே. அதில் வெள்ளை என்பது காகிதம். நெற்றியில் வெளிச்சம் விழும் இடத்தை, தூரிகை நனைவதற்கு முன்பே தீர்மானித்து விட்டுவைக்க வேண்டும். வெளிறிய வர்ணத்தில் தொடங்கி இருளுக்குப் போகலாம், திரும்ப முடியாது. காய்ந்தால் வர்ணம் வெளுக்கும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். பாதி காய்ந்த இடத்தில் அவசரப்பட்டு ஈரத் தூரிகையை வைத்தால், கன்னத்தில் காலிப்பூப்போலக் கறை பூத்துவிடும். மேலே மேலே பூசினால் சேறாகிவிடும். கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதுதான் பாதி வித்தை. அந்தக் காத்திருப்பில் வேறு வேலை இல்லாததால் எதிரே இருக்கிற முகத்தைப் பார்க்கிறோம். இதைத்தான் புஸ்தகங்கள் சொல்ல மறந்துவிடுகின்றன.

நீர்வர்ணத்தில் வெள்ளையே கலக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கும் ஆசிரியர்களும் உண்டு. அதுவும் மிகை. டியூரர் 1502இல் எழுதிய முயல், நீர்வர்ணத்தின்மேல் மூடு வர்ணத்தால் மயிர் மயிராக முடித்ததுதான். அதன் கண்ணில் ஒரு ஜன்னல் பிரதிபலிக்கிறது. பார்த்தவனுக்கு எந்த விதியையும் மீற உரிமை உண்டு.

நம் கதைகளில் வரும் பெண்கள் எல்லாரும் ஏன் ஒரே சாயலாக இருக்கிறார்கள் என்று இப்போது எனக்கு விளங்குகிறது. வில் புருவம், மீன் கண், எள்ளுப்பூ மூக்கு எல்லாம் புஸ்தகத்து அளவுகள். நானும் அப்படிப் பல பக்கங்கள் எழுதியிருக்கிறேன். வாசகர்கள் லட்சணமாக இருப்பதாகச் சொன்னார்கள். அம்மா சொன்னதற்கும் அதற்கும் பேதமில்லை.

அம்மாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. இடது இமை சற்றுத் தாழ்ந்திருக்கிறது. முதல் படத்தை எழுதியபோதும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். நான் இரண்டையும் சமமாக்கியிருக்கிறேன். மறுபடி திண்ணையில் உட்காரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இந்தத் தடவை ரப்பர் வேண்டாம் என்று நினைக்கிறேன்.