வீட்டு இன்டர்காம்: விழுந்தவர் பக்கம் நின்று ஒரு விமர்சனம்

போன ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். நான் மாடியில், காதில் ஹெட்ஃபோனோடு ஆபீஸ் மீட்டிங்கில். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கே கரன்ட் போயிருந்தது. கீழ் வீட்டு பாத்ரூமில் அப்பா வழுக்கி விழுந்தார். அம்மா திரும்பி வந்து பார்க்கும்வரை சுமார் 35 நிமிடம் தரையிலேயே கிடந்திருக்கிறார். மணிக்கட்டில் எலும்பு முறிவு, 6 வாரம் மாவுக்கட்டு. நல்லவேளை, அதோடு போனது.

கீழே ஹாலில் ஒரு பேசும் ஸ்பீக்கர் இருந்தது. நான்தான் வாங்கிப் போட்டேன். "இதுகிட்ட சொன்னா போதும்ப்பா, மாடியில கேட்கும்" என்று டெமோ எல்லாம் காட்டியிருந்தேன். ஆனால் அன்றைக்கு ஹாலில் இருந்த வைஃபை எக்ஸ்டெண்டருக்கு இன்வெர்ட்டர் லைன் இல்லை. இருந்திருந்தாலும், மூடிய பாத்ரூம் கதவைத் தாண்டி அதற்குக் கேட்டிருக்காது.

இதையெல்லாம் விட என்னை உறுத்தியது வேறு. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கும்போது அப்பா சொன்னார்: "மூணு தடவை கூப்பிட்டேன்டா. அப்புறம் உனக்கு ஆபீஸ் வேலை இருக்குமேன்னு விட்டுட்டேன்."

அதற்குப் பிறகு வீட்டு இன்டர்காம் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். 'எதை வாங்கலாம்' என்று ஒப்பிடும் கட்டுரைகள், விளம்பரக் கையேடுகள், வீடியோக்கள். நான் டாக்டரும் இல்லை, எலக்ட்ரிக்கல் ஆளும் இல்லை. ஆனால் சாஃப்ட்வேர்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு சிஸ்டம் எப்படி வேலை செய்கிறது என்று கேட்பதற்கு முன், அது எப்போது வேலை செய்யாமல் போகும் என்று கேட்பான். இந்த ஒப்பீடுகளில் அந்தக் கேள்வி அனேகமாக இல்லவே இல்லை. எத்தனை சேனல், ஒலித்தரம் எப்படி, வீடியோ உண்டா, எத்தனை அடி தூரம் என்றுதான் மார்க் போடுகிறார்கள். அந்த 1000 அடி என்பது திறந்த மைதானத்துக் கணக்கு. கம்பி கட்டிய கான்கிரீட் தளமும் 9 அங்குலச் சுவரும் உள்ள நம் ஊர் வீட்டில் மாடிக்கும் கீழுக்கும் உள்ள 12 அடியே பெரிய தூரம்.

இன்னொன்று. இந்த ஒப்பீடுகளின் கற்பனை மனிதர் எப்போதும் நின்றுகொண்டிருக்கிறார். கண்ணாடி போட்டிருக்கிறார். கையில் ஈரமில்லை. ஆபத்து வரும் மனிதர் அப்படி இருப்பாரா?

2008-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஜேன் ஃபிளெமிங், கேரல் பிரெய்ன் என்ற இருவர் எழுதிய ஓர் ஆய்வு இருக்கிறது. கேம்பிரிட்ஜில் 90 வயதைத் தாண்டியவர்களை ஒரு வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். பதிவான 265 விழுதல்களில் 144-இல் அவர்களைத் தரையில் கிடந்த நிலையில்தான் கண்டிருக்கிறார்கள். 80-இல் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ கிடந்திருக்கிறார்கள். என்னை நிறுத்தியது அடுத்து வரும் தகவல். அவசர அழைப்புக் கருவிகள் அங்கே பரவலாக இருந்தன. ஆனாலும் நெடுநேரம் கிடந்தவர்களில் பெரும்பாலோர் அதைப் பயன்படுத்தவில்லை. இதனால் என்ன பிரயோஜனம் என்று நினைத்தவர்கள் உண்டு. கருவி இருந்தும் அதை அணியும் பழக்கமே வராதவர்கள் உண்டு. விழுந்த பிறகு அழுத்த வேண்டாம் என்று தாங்களே முடிவு செய்தவர்களும், அழுத்தப் பார்த்து முடியாதவர்களும் உண்டு.

"உனக்கு வேலை இருக்குமேன்னு விட்டுட்டேன்" என்பது அந்த முடிவுதான். அப்பாவுக்கு வயது 74, ஊரும் வேறு. ஆனாலும் அந்தப் பக்கத்தைப் படித்தபோது அவர் குரல்தான் கேட்டது.

ஆகவே என் வாதம் இதுதான். அவசரத்துக்கென்று தனியாக வாங்கி வைக்கும் கருவி அவசரத்தில் உதவாது. தினமும் "சாப்பிட வாடா" என்று கூப்பிடும் கருவிதான் ஆபத்திலும் கை போகும் கருவி. தினம் பயன்படுத்துவதில் இன்னொரு லாபமும் உண்டு. அது கெட்டுப்போனால் அன்றைக்கே தெரிந்துவிடும். எங்கள் துறையில், ஒருமுறைகூட ரீஸ்டோர் செய்து பார்க்காத பேக்கப்பை நாங்கள் பேக்கப் என்றே கணக்கில் எடுப்பதில்லை.

இந்த அளவுகோலை வைத்துக் கடைச் சரக்கைப் பார்ப்போம்.

பேசும் ஸ்பீக்கர் தினசரி உபயோகத்தில் பாஸ். பாட்டு, அலாரம், வானிலை என்று கை பழகிவிடும். ஆனால் கீழிருந்து மேலே போகவேண்டிய சொல், பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே எங்கோ உள்ள கம்பெனி சர்வருக்குப் போய்விட்டுத்தான் திரும்புகிறது. ரூட்டர், இன்டர்நெட், கரன்ட், அக்கவுன்ட் எல்லாம் ஒரே நேரத்தில் நன்றாக இருக்கவேண்டும். மகளை எழுப்ப இது போதும். அப்பாவைக் காப்பாற்றப் போதாது.

இவற்றில் சிலவற்றில் எதிர்முனையில் யாரும் எதையும் அழுத்தாமலே மைக்கைத் திறந்து கேட்கும் வசதி உண்டு. விழுந்தவர் எதுவும் செய்யவேண்டாம் என்பதால் இது கவர்ச்சியான யோசனை. புதிய யோசனையும் அல்ல. அமெரிக்காவில் லிண்ட்பெர்க் குழந்தைக் கடத்தலுக்குப் பிறகு, 1937-இல் ஜெனித் ரேடியோ கம்பெனி 'ரேடியோ நர்ஸ்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. குழந்தை அறையில் ஒரு மைக், பெரியவர்கள் அறையில் ஒரு ஸ்பீக்கர். சிற்பி இசாமு நோகுச்சி வடிவமைத்த அழகான பேக்கலைட் பெட்டி. வீட்டு மின்கம்பி வழியாகவே ஒலி போனதால், வெளி ரேடியோ சத்தமெல்லாம் இடையில் புகுந்து தொல்லை கொடுத்தது. இன்றைய பேபி மானிட்டருக்கு அதுதான் பாட்டி. அம்மாவிடம் இப்படி ஒன்று வைக்கலாமா என்று கேட்டேன். "நாங்க என்ன பேசிக்கிறோம்னு மேல உக்காந்து கேட்டுட்டு இருப்பியா?" என்றார். பேச்சு அங்கேயே முடிந்தது. அவர் சொன்னது நியாயம் என்றே இப்போதும் நினைக்கிறேன். வயதானவர்கள் குழந்தைகள் இல்லை.

வாக்கி டாக்கி: இந்தியாவில் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த சக்திக் கருவிகளுக்கு லைசென்ஸ் வேண்டாம். வேறு அலைவரிசையில் ஓடுவதை ஆன்லைனில் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். எப்படியும் ஒரு வாரத்தில் சார்ஜ் போட மறந்து டிராயருக்குள் போய்விடும். கார்ட்லெஸ் போன் ஜோடி பரவாயில்லை. கைக்கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும், பேஸை மட்டும் இன்வெர்ட்டரில் போட்டுவிட்டால் போதும். ஒயர் இழுக்க முடியாத வாடகை வீட்டுக்கு என் ஓட்டு இதற்குத்தான். சில நூறு ரூபாய் ஒயர்லெஸ் காலிங் பெல்லையும் குறைத்துப் பேசமாட்டேன். பட்டனைக் கட்டிலுக்கடியில், ஈரம் படாத இடத்தில், கைக்கெட்டும் உயரத்தில் ஒட்டிவிடலாம். இன்றைக்கே செய்யக்கூடியது அது ஒன்றுதான். குறை என்னவென்றால், பட்டனுக்குள் இருக்கும் பேட்டரி சொல்லாமல் கொள்ளாமல் சாகும்.

நான் கடைசியில் போட்டது பழைய காலத்து ஒயர் இன்டர்காம். சின்ன ஆபீஸ்களில் இருக்குமே, இபிஏபிஎக்ஸ் பெட்டி, அதுதான். எக்ஸ்டென்ஷனுக்கு இரண்டே ஒயர், முனையில் சாதா டெலிபோன். லேண்ட்லைன் காலத்தில் கரன்ட் போனாலும் போன் அடித்ததே, ஞாபகம் இருக்கிறதா? எக்ஸ்சேஞ்சில் இருந்த 48 வோல்ட் பேட்டரி தயவு அது. வீட்டுப் பெட்டிக்கு அந்தத் தயவு கிடையாது, அதை இன்வெர்ட்டர் லைனில் சேர்க்கவேண்டும். சேர்த்துவிட்டால் இன்டர்நெட் என்ன ஆனாலும் அதற்குக் கவலையில்லை.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஹாட்லைன். ரிசீவரை எடுத்துச் சில நொடி எந்த எண்ணையும் அழுத்தாமல் விட்டால், பெட்டி தானாகவே நாம் குறித்து வைத்த எண்ணுக்கு அடிக்கும். அப்பா கட்டில் பக்கத்துப் போனைத் தாழ்வான ஸ்டூலில் வைத்திருக்கிறோம். எண் தெரியவேண்டாம், கண்ணாடி வேண்டாம். ஒயரைப் பிடித்து இழுத்துப் போனைக் கீழே தள்ளினாலே போதும், மாடியில் மணி அடிக்கும். விற்பனைக் கையேட்டில் இது நாற்பது வசதிகளுக்கு நடுவில் ஒரு வரியாகக் கிடக்கிறது. முதல் பக்கத்தில் இருக்கவேண்டிய வரி.

பாத்ரூமுக்கு டெலிபோன் சரிப்படாது. அங்கே இழுகயிறு. பிரிட்டனில் 'அப்ரூவ்ட் டாக்குமென்ட் எம்' என்ற கட்டட விதிக் குறிப்பு, மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறையில் சிவப்புக் கயிறு வேண்டும் என்கிறது. அதில் 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டு சிவப்பு வளையங்கள். ஒன்று தரையிலிருந்து 800 முதல் 1000 மில்லிமீட்டருக்குள், இன்னொன்று வெறும் 100 மில்லிமீட்டர் உயரத்தில். அந்த 100-தான் விஷயம். விழுந்து கிடப்பவரின் கை எவ்வளவு உயரம் எழும் என்று யாரோ யோசித்து எழுதிய எண் அது. நம் பாத்ரூம்களில் எல்லா சுவிட்சும் நிற்பவரின் தோள் உயரத்தில்.

எங்கள் எலக்ட்ரீசியன், "சார், ஏற்கெனவே பைப் இருக்கு, லைட் ஒயரோடவே சேத்து இழுத்துரலாம்" என்றார். கூடாது. மணியின் 12 வோல்ட் ஒயரும் 230 வோல்ட் ஒயரும் ஒரே பைப்பில் போகக்கூடாது. ஈரக் கை தொடும் கயிற்றுக்குப் பின்னால் இருக்கும் சுவிட்சு அது. தனி பைப் போட்டு, சின்ன பேட்டரியில் 12 வோல்ட் மணி வைத்தோம்.

மாட்டிய இரண்டாம் நாள் போய்ப் பார்த்தால், கயிறு மேலே முடிச்சுப் போட்டுக் கிடக்கிறது. "கழுவும்போது நனையுதுடா" என்றார் அம்மா. ஒரு நிமிடத்தில் 100 மில்லிமீட்டர் 1200 ஆகிவிட்டது! பருத்திக் கயிற்றை எடுத்துவிட்டு, துடைத்தால் போகிற பிளாஸ்டிக் உறைக் கயிற்றை மூலையில் தொங்கவிட்ட பிறகுதான் முடிச்சு அவிழ்ந்தது.

என் மணியில் இன்னும் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒயரை எலி கடித்தால் யாருக்கும் தெரியாது. தீயணைப்பு அலாரங்களில் ஒயரின் கடைசியில் ஒரு ரெசிஸ்டர் வைத்து எப்போதும் கொஞ்சம் மின்சாரம் ஓடவிடுவார்கள். அது நின்றால் ஒயர் அறுந்தது என்று பேனல் சொல்லிவிடும். அதை நான் செய்யவில்லை. பதிலாக, மாதாந்திர மின்தடை நாளையே சோதனை நாளாக்கிவிட்டேன். கரன்ட் இல்லாத நேரத்தில் ஒவ்வொரு போனும் கயிறும் ஒருமுறை.

கதவைப் பற்றியும் சொல்லவேண்டும். மணி அடித்து நான் ஓடி வந்தாலும் தாழ்ப்பாள் உள்ளே போட்டிருந்தால் என்ன செய்வது? உள்பக்கம் திறக்கும் கதவென்றால், விழுந்தவர் உடம்பே அதை அடைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கும் பூட்டுக்கு மாறினோம், கதவையும் வெளிப்பக்கம் திறப்பதாகத் திருப்பி மாட்டினோம். இன்டர்காம் வாங்கும் முன்பே இதைச் செய்திருக்கலாம்.

எல்லாம் சரி, மாடியில் யாருமே இல்லாதபோது? வாரத்தில் 3 நாள் எனக்கு ஆபீஸ், மகளுக்குப் பள்ளிக்கூடம், மனைவிக்கும் வேலை. எந்தக் கையேடும் இதைக் கேட்பதில்லை. 108-க்கோ 112-க்கோ கூப்பிடவும் நினைவோடு ஒரு ஆள் வேண்டும். கடைசியில் பக்கத்து வீட்டு அக்காவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "இதுக்கா இவ்வளவு யோசிச்சே?" என்று மதில்மேல் ஒயர் இழுக்கவிட்டார். அவர் சமையலறையில் எக்ஸ்டென்ஷன் 14. இப்போது ஹாட்லைன் மாடிக்கும் அங்கேயும் சேர்ந்தே அடிக்கும்.

முதல் வாரம் அம்மா அதைத் தொடவில்லை. இப்போது காலையில் ஒருமுறை, சீரியல் முடிந்ததும் ஒருமுறை. போன மின்தடை நாளன்று நான் சோதனைக்கு 14-ஐ அடித்தால் பிஸியாக இருந்தது. இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். கால் மணி நேரம் காத்திருந்துதான் சோதித்தேன். அப்பாதான் பாக்கி. கயிற்றை ஒருமுறை இழுத்துக் காட்டுங்கள் என்றால், "இப்ப எதுக்குடா, எல்லாரும் பதறி ஓடி வருவாங்க" என்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் வீட்டில் இருக்கும்போது, இழுக்க வைக்கவேண்டும்.