குணமாகாத உடலின் நம்பிக்கை

1

தமிழ்க் கிறிஸ்தவப் பேச்சில் விசுவாசம் வேறு, நம்பிக்கை வேறு. விசுவாசம் கடவுள்மீது வைப்பது. நம்பிக்கை இனி வரப்போவதை எதிர்பார்த்திருப்பது. பவுலின் நிருபத்தில் இவை இரண்டும் அன்போடு சேர்த்துத் தனித்தனியாகவே எண்ணப்படுகின்றன. கோயிலைவிட்டு வெளியே வந்ததும் இந்த வேறுபாடு நிற்பதில்லை. கடவுளை நம்புவது, நாளை நல்லது நடக்கும் என்று நம்புவது, பக்கத்து வீட்டுக்காரரை நம்பிச் சாவியைக் கொடுப்பது எல்லாமே 'நம்பிக்கை'தான். வெறும் சொல் விவகாரம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஒரே நாளில் கழுத்துக்குக் கீழே உடம்பு செயலற்றுப் போன ஒருவரின் கட்டிலருகே நின்று 'நம்பிக்கையை விட்டுடாதீங்க' என்று சொல்கிறோமே, எந்த நம்பிக்கையைச் சொல்கிறோம்? கடவுள் மீதா? எழுந்து நடப்பதன் மீதா? நாளைக் காலையில் தன்னைப் புரட்டிப் படுக்கவைக்க ஓர் ஆள் வருவார் என்பதன் மீதா?

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு மூன்று பிரதிகளைப் பார்க்கலாம். ஒன்று, ஜோனி எரிக்சனின் தன்வரலாறு 'ஜோனி' (1976). இரண்டு, நான்சி எய்ஸ்லாண்ட் எழுதிய இறையியல் நூல் 'ஊனமுற்ற கடவுள்' (1994). இவை அமெரிக்கப் பிரதிகள். மூன்றாவது, வேலூர் மருத்துவர் மேரி வர்கீஸ் பற்றி டொரதி கிளார்க் வில்சன் எழுதிய 'டேக் மை ஹேண்ட்ஸ்' (1963). 'மாற்றுத்திறனாளி' என்ற சொல் இன்று அரசாங்கம் வரை போய்விட்டது. இருந்தாலும் இங்கே 'ஊனம்' என்றே எழுதுகிறேன். எய்ஸ்லாண்ட் கடவுளுக்குச் சூட்டியது அந்தக் கரடுமுரடான சொல்லைத்தான்.

2

1967 ஜூலை 30 அன்று செசபீக் விரிகுடாவில் குளிக்கப் போன 17 வயதுப் பெண் ஆழமில்லாத தண்ணீரில் தலைகீழாகப் பாய்ந்தாள். கழுத்து முள்ளெலும்பு முறிந்தது. தோளுக்குக் கீழே எதுவும் அவள் சொன்னபடி கேட்கவில்லை. ஒன்பது ஆண்டுகள் கழித்துத் தன்வரலாறு வந்தது. 1979இல் அது திரைப்படமானபோது ஜோனியே ஜோனியாக நடித்தார். இடையில் வாயில் தூரிகையைக் கவ்வி ஓவியம் வரையக் கற்றிருந்தார்.

சுவிசேஷக் கூட்டங்களில் 'சாட்சி சொல்லுதல்' என்று ஒன்று உண்டு. அதற்கென்று தீர்மானமான இலக்கணம் இருக்கிறது. முதலில் இருள், பிறகு திருப்பம், கடைசியில் வெளிச்சம். சாட்சி சொல்பவர் வெளிச்சத்தில் நின்றுகொண்டுதான் பேச வேண்டும். இருளில் இருப்பவருக்கு ஒலிபெருக்கி கிடைக்காது. 'ஜோனி' இந்த இலக்கணத்துக்குள் எழுதப்பட்ட நூல். விபத்து கடவுளின் திட்டமாகிறது, உடம்பு பாடசாலையாகிறது. வாசகர் புத்தகத்தை மூடும்போது 'இவ்வளவு ஆனபிறகும் அந்தப் பொண்ணு சந்தோஷமா இருக்கா, நமக்கென்ன குறைச்சல்' என்கிற நிம்மதி கிடைக்கிறது. நடக்கிறவர்களின் விசுவாசத்துக்கு நடக்க முடியாத உடல் உரமாகிறது. நம்பிக்கை யாருடையது என்று கேட்டால், பிரதி ஜோனியைக் காட்டும், அனுபவிப்பவர் வாசகர்.

ஆனால் இந்தப் பிரதி தன் இலக்கணத்துக்கு முழுக்க அடங்கிவிடவில்லை. செத்துப்போக உதவும்படி தோழியிடம் கெஞ்சியதை ஜோனி மறைக்கவில்லை. இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்துக் கட்டி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை அப்படியே குப்புறவும் மல்லாக்கவும் திருப்புகிற சட்டத்தில் கிடந்த நாட்களையும் எழுதியிருக்கிறார். கூரை, தரை, மறுபடி கூரை. உபதேசம் எட்ட முடியாத பக்கங்கள் இவை.

கேத்ரின் கூல்மன் வாஷிங்டனில் நடத்திய சுகமளிக்கும் கூட்டத்துக்குத் தான் போன கதையையும் ஜோனி பின்னாளில் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். மேடை வெளிச்சம் மண்டபத்தின் வேறு வேறு மூலைகளில் விழுகிறது. சக்கர நாற்காலிகள் இருந்த பக்கம் அதிசயம் எதுவும் நிகழவில்லை. கூட்டம் முடிவதற்கு முன்பே, லிஃப்ட் அருகே நெரிசல் வேண்டாமென்று, நாற்காலிக்காரர்களையும் ஊன்றுகோல்காரர்களையும் முதலில் வெளியே கொண்டுபோகிறார்கள். குணமாகாதவர்கள் லிஃப்டுக்கு முன்னால் வரிசையாகக் காத்திருக்கிறார்கள். சுகமளிக்கும் கூட்டம் பற்றி எழுதப்பட்ட எந்த விமர்சனத்தைவிடவும் அந்த வரிசை அதிகம் சொல்கிறது. குணமானவர் மேடையில் ஓர் அடையாளமாகிறார். குணமாகாதவர் 'உன் விசுவாசம் போதவில்லை' என்கிற தீர்ப்பையும் மடியில் வைத்துக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். ஏற்கெனவே உடம்பை இழந்த ஆளிடமிருந்து கடவுளையும் பிடுங்கிக்கொள்கிற ஏற்பாடு இது. ஜோனி அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. இந்த வாழ்வில் குணமாக்குவதைக் கடவுள் தனக்கு வாக்களிக்கவில்லை என்ற முடிவுக்கு வந்து, விசுவாசத்தையும் நடப்பதையும் தனித்தனியாகப் பிரித்தார். சாட்சி இலக்கியத்துக்குள் இருந்துகொண்டே அவர் செய்த முக்கியமான காரியம் இது.

3

நான்சி எய்ஸ்லாண்ட் (1964–2009) பிறவியிலேயே இடுப்பெலும்புக் குறையோடு வந்தவர். சிறுவயதிலிருந்தே அறுவைமேல் அறுவை. பின்னாளில் அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழகத்தில் மதச் சமூகவியல் பேராசிரியர். ஊனத்தைப் பற்றிக் கிறிஸ்தவம் மூன்று கதைகளைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது என்கிறார். ஊனம் பாவத்தின் விளைவு என்பது முதல் கதை. பொறுமையாகத் தாங்கிக்கொண்டால் அது புண்ணியம் என்பது இரண்டாவது. ஊனமுற்றவர் நம் தருமத்துக்குரிய பாத்திரம் என்பது மூன்றாவது. மூன்றிலும் ஊனமுற்றவர் பேசுவதில்லை. அவரைப் பற்றித்தான் பேசப்படுகிறது. பிறவிக் குருடன் கதையில் (யோவான் 9) யார் செய்த பாவம் என்று கேட்ட சீடர்களை இயேசு மறுக்கிறார். சரி, முதல் கதை உடைந்தது. ஆனால் கடவுளின் செயல் வெளிப்படுவதற்காக என்று அடுத்த காரணம் வந்து உட்காரும்போது அந்த உடல் மறுபடியும் யாருக்கோ காட்டப்படுகிற அடையாளமாகிறது. 'ஏன்' என்ற கேள்வி லேசில் விடாது.

அட்லாண்டாவில் முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வு மருத்துவமனையில் எய்ஸ்லாண்ட் வேதபாடம் நடத்தியிருக்கிறார். கடவுள் நம்மோடிருக்கிறார் என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வீர்கள் என்று கேட்டபோது, கடவுளும் சிப்-பஃப் நாற்காலியில் இருந்தால் ஒருவேளை அவருக்குப் புரியும் என்றிருக்கிறார் ஒரு கறுப்பின இளைஞர். கை கால் அசையாதவர்கள் குழாயில் ஊதியும் உறிஞ்சியும் ஓட்டுகிற சக்கர நாற்காலி அது. நூல் முழுவதும் அந்தப் பதிலுக்கு எழுதப்பட்ட உரைதான். லூக்கா 24இல் உயிர்த்தெழுந்த இயேசு சீடர்களிடம் தன் கைகளையும் கால்களையும் காட்டுகிறார். மரணத்தை வென்ற உடலிலும் ஆணிக் காயங்கள் அழியவில்லை. பரிபூரணம் என்றால் பழுதின்மை என்ற சமன்பாட்டை எய்ஸ்லாண்ட் இந்த இடத்தில் உடைக்கிறார்.

பரலோகத்தைப் பற்றி இரண்டு பெண்களும் சொன்னதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தன் சக்கர நாற்காலியைப் பரலோகம் வரை கொண்டுபோய், இயேசுவுக்கு முன்னால் எழுந்து நின்று நன்றி சொல்லிவிட்டு, பிறகு அதை நரகத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது ஜோனியின் ஆசை. ஊனம் இல்லாமல் போனால் அங்கே என்னை எனக்கே அடையாளம் தெரியாது, ஒருவேளை கடவுளுக்கும் தெரியாது என்பது எய்ஸ்லாண்டின் பதில். எழுந்து நிற்பதுதான் நம்பிக்கை என்கிற நமக்கு முதலாவது எளிதில் புரிகிறது. இரண்டாவது உறுத்துகிறது. உறுத்தட்டும்.

அதற்காக எய்ஸ்லாண்டை அப்படியே வாங்கிக்கொள்ளவும் முடியாது. உயிர்த்த இயேசு எம்மாவு வரை நடந்து போகிறார். காயம் இருக்கிறது, தடை இல்லை. தழும்பும் ஊனமும் ஒன்றாகிவிடுமா? இன்னொன்று, பிறவியிலேயே ஓர் உடலை வாங்கி வந்தவருக்கு அதுவே தன் உடல். 17 வயது வரை ஓடித் திரிந்து, குதிரை ஏறி, ஒரு நாள் மதியத்தில் எல்லாம் போனவளுக்கு முந்தைய உடல் ஞாபகமாக உள்ளே கிடக்கிறது. அந்த ஏக்கத்தை 'உடல்நலக் கருத்தியல்' என்று பெயரிட்டு ஒதுக்கினால், நாமும் துக்கத்தின் வாயை அடைத்தவர்களாவோம். ஊனத்தின் அரசியல் பேசுகிறவர்கள் துக்கத்துக்கும் இடம் வைக்க வேண்டும்.

4

ஜோனி பாய்வதற்கு 13 ஆண்டுகளுக்கு முன்பு, 1954 ஜனவரியில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவையை அங்கே வளர்த்துக்கொண்டிருந்த பால் பிராண்ட் அவரைக் கை அறுவைக்கு இழுத்தார். காரணம் சாதாரணமானது: கை அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாம். அப்புறம் ஆஸ்திரேலியாவின் பெர்த்திலும் நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கிடமும் பயிற்சி. 1966இல் வேலூரில் உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் பத்மஸ்ரீ. வில்சனின் நூல் இதை வீரகாவியத் தொனியில் சொல்கிறது. தியாகம், வெற்றி என்று கொஞ்சம் சர்க்கரை அதிகம். தொனியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது: நம்பிக்கை இங்கே மனசுக்குள் இருக்கிற சமாச்சாரமாக மட்டும் நிற்காமல் கட்டிடமாக, கட்டிலாக, பயிற்சியாக, சாய்தளமாக வெளியே வருகிறது.

நம் ஊரில் பனையிலிருந்தும் தென்னையிலிருந்தும் விழுந்து முதுகு முறிந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களைக் கொல்வது பெரும்பாலும் முறிவு அல்ல. படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடக் கை இருந்தால் ஆள் பிழைப்பார். அந்தக் கை பெரும்பாலும் ஒரு மனைவியுடையது, ஒரு தாயுடையது. கூலியும் கிடையாது, சாட்சி மேடையும் கிடையாது. மருத்துவருக்குத் திறந்த பெர்த்தும் நியூயார்க்கும் மரமேறிக்குத் திறக்கவில்லை என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

மாற்கு 2ஆம் அதிகாரத்துத் திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்து வருகிறார்கள். கூட்டம் வழிவிடவில்லை, வீட்டுக் கூரையைப் பிரித்து உள்ளே இறக்குகிறார்கள். அப்போது இயேசு கண்டது யாருடைய விசுவாசத்தை? படுத்திருந்தவனுடையதை மட்டும் என்று பிரதி சொல்லவில்லை. 'அவர்கள்' என்ற பன்மை நிற்கிறது. சுகமளிக்கும் கூட்டத்துப் பிரசங்கிகள் இந்தப் பன்மையை ஒருமையாக்கித்தான் தனி ஆளிடம் கணக்குக் கேட்கிறார்கள். நம்பிக்கையைச் சுமப்பது அடிபட்டவரின் தனிக் கடமை இல்லை என்று இந்தப் பன்மையிலிருந்து வாசிக்கலாம்.

அமெரிக்காவில் ரீகன், புஷ் காலத்துத் தேசிய ஊனமுற்றோர் குழுவில் ஜோனியும் உறுப்பினர். 1990இல் ஊனமுற்றோர் சட்டம் வந்தது. கடையும் திரையரங்கும் உணவகமும் வழி அமைக்க வேண்டியதாயிற்று. பொது இடங்களுக்கான அந்தப் பிரிவிலிருந்து மத அமைப்புகளுக்கு மட்டும் விலக்கு. திரையரங்குக்குச் சட்டம் சாய்தளம் கேட்கிறது, தேவாலயத்துக்குக் கேட்கவில்லை. எய்ஸ்லாண்ட் நற்கருணையைப் பற்றி எழுதியதும் இதுதான்: எல்லோரும் பீடத்துக்குப் போகும்போது இவருக்கு மட்டும் இருக்கையிலேயே அப்பம் வந்தது. உடைக்கப்பட்ட உடலை நினைவுகூருகிற சடங்கில் உடைந்த உடலுக்கு வழி இல்லை.

நம் கோயில்களின் வாசற்படிகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். கூரையைப் பிரித்தவர்களின் கதையை ஞாயிற்றுக்கிழமைகளில் வாசிக்கிறவர்கள், ஒரு படியைக் கூட உடைக்காமல் 'நம்பிக்கையை விட்டுடாதீங்க' என்று சொல்வதில் என்ன அர்த்தம் இருக்கிறது? அந்தச் சொல்லைச் சொல்கிறவர் முதலில் மண்வெட்டியோடு வரட்டும்.