மீதியை அப்புறம் பாத்துக்கலாம்

வர்த்தக ஒப்பந்த விவாதங்களில் எப்போதும் இரண்டு கட்சி. முதலில் சரக்குக்கு மட்டும் கையெழுத்துப் போடுவோம், மீதியை அப்புறம் பாத்துக்கலாம் என்பது ஒன்று. சரக்கு, சேவை, முதலீடு எல்லாவற்றையும் ஒரே மேசையில் பேசு என்பது இன்னொன்று. முதல் கட்சிக்குத்தான் நடைமுறை தெரியும் என்று பெயர். எனக்கு அதில் சந்தேகம்.

'ஃபேஸ் டூவில் பண்ணிக்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று மென்பொருள்காரர்களுக்குத் தெரியும். இலங்கையோடு சரக்கு ஒப்பந்தம் 1998இல் கையெழுத்தாகி 2000இல் நடைமுறைக்கு வந்தது. சேவைகளையும் சேர்த்த ஒப்பந்தம் 2008இல் கையெழுத்தாகும் தறுவாயில், அங்கே எழுந்த எதிர்ப்பால் நின்றது. 2016இலிருந்து எட்கா என்ற பெயரில் பேச்சு.

ஆசியான் கதை இன்னும் தெளிவு. சரக்கு ஒப்பந்தம் 2009இல்; சேவையும் முதலீடும் 2014இல். வரியை விட்டுக்கொடுத்த பிறகு சேவைக்குப் பேரம் பேச உட்கார்ந்தால் கையில் என்ன மிச்சம் இருக்கும்?

விட்டுக்கொடுத்ததில் பாமாயிலும் ஒன்று. கச்சா பாமாயில் வரியை 2018இல் 44 சதவீதம் வரை ஏற்றிய டெல்லி, ஒப்பந்தப்படி 2020 ஜனவரியில் 37.5க்கு இறக்கியது. டி.எம்.வி. கடலை ரகங்களின் பெயரிலேயே திண்டிவனம் இருக்கிறது. அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் பிள்ளைகள் அவை. ஆனால் விழுப்புரம், திண்டிவனம் விற்பனைக்கூடங்களில் மல்லாட்டை மூட்டை இறக்கும் விவசாயி, மலிவான பாமாயிலோடு மோத வேண்டும்.

நியாயமாகச் சொன்னால் பழி முழுக்க ஒப்பந்தத்தின் மேல் இல்லை. விலைவாசிக்குப் பயந்து 2008இலேயே கச்சா சமையல் எண்ணெய் வரியைப் பூஜ்ஜியமாக்கியது டெல்லிதான். வித்தியாசம் இதுதான்: இறக்குவது இன்றும் நம் இஷ்டம், அந்த வரம்புக்கு மேல் ஏற்றுவது இல்லை.

அப்போ முழு ஒப்பந்தம்தான் தீர்வா? பாதித் தீர்வு. ஒரே மேசையில் பேசினால் பாமாயிலைக் கொடுத்து மென்பொருள்காரருக்கு ஏதாவது வாங்கலாம். நாட்டின் கணக்கு நேராகிவிடும். ஆனால் கொடுத்தவர் திண்டிவனத்து விவசாயி, வாங்கிக்கொள்பவன் ஓ.எம்.ஆரில் உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவன். எனக்கு வந்ததில் ஒரு பங்கு அவருக்குப் போய்ச் சேர எந்த ஷரத்தும் வழி சொல்வதில்லை.

இருந்தும் நான் முழுமையின் பக்கம்தான். துண்டு துண்டாகப் போட்டால், அவர் கொடுத்தது ஒரு வருஷத்துத் தாளிலும் நான் வாங்கியது வேறொரு வருஷத்துத் தாளிலும் இருக்கும். இரண்டும் ஒரே தாளில் இருந்தால்தான் அவர் ஈடு கேட்க முடியும்.