வட்டுக்கோட்டைக்கும் பாஸ்டனுக்கும் நடுவே

யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனரிகளை ஆங்கில ஆட்சியின் கையாட்கள் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அந்த ஆட்சி அவர்களை நம்பவில்லை. 1816இல் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும், போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுப்போன இடிந்த தேவாலயங்களைச் செப்பனிட்டு அவர்கள் குடியேறினார்கள். 1820இல் அமெரிக்காவிலிருந்து ஓர் அச்சுத் தொழிலாளர் அவர்களுக்குத் துணையாக வந்திறங்கியபோது அரசு அவரைத் தங்கவிடாமல் திருப்பி அனுப்பியது. புதிதாக அமெரிக்கர் எவரும் வந்து சேரக்கூடாது என்ற அந்தத் தடை 1833 வரை நீடித்தது.

அவர்களுடைய ஊழியத்தின் பலம் இந்தத் தடையிலிருந்தே பிறந்தது என்று நினைக்கிறேன். துணைக்கு ஆள் வராததால், இருந்த சில குடும்பங்கள் அதே ஊர்களில் ஆண்டுக்கணக்காக வேரூன்ற வேண்டியதாயிற்று. பள்ளிகளை நடத்த உள்ளூர் ஆசிரியர்களை நம்பியே ஆகவேண்டும். அவர்களில் பெரும்பாலோர் திருநீறு பூசிய சைவர்கள். காலையில் பண்டிதரோடு தமிழ்ப் பாடம், பிறகு ஓலைக் கொட்டில் பள்ளிகளைச் சுற்றிப் பார்த்தல், சந்தையிலும் கோயில் திருவிழாவிலும் நின்று பிரசங்கம், வாசலில் காத்திருக்கும் நோயாளிகள், இரவில் ஊருக்குக் கடிதம். இந்த ஒழுங்கில் ஆண்டுகள் போயின.

அதற்குக் கொடுத்த விலையைக் குறைத்துப் பேசுவது நேர்மையாகாது. வட்டுக்கோட்டைச் செமினரியின் முதல் அதிபர் டானியல் பூவரின் மனைவி சூசன் 1821இல் இறந்தார். பூவரும் 1855இல் வாந்திபேதிக்குப் பலியானார். உடுவிலில் 1824இல் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கிய ஹாரியட் வின்சுலோ 1833இல் இறந்தார். பிள்ளைகள் சற்று வளர்ந்ததும் படிப்புக்காகக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். மாதக்கணக்கான கடற்பயணம் அது. பிரிந்த பிள்ளையை மறுபடி பார்ப்பது நிச்சயமில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கு விடுதி நடத்தியவர்கள் தம் பிள்ளைகளை அந்நியர் வீட்டில் வளர விட்டார்கள். இந்த முடிவை அழைப்பின் பெயரால் புனிதப்படுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தச் சுமையைத் தாங்கியவர்கள் பிள்ளைகள். அவர்களை யாரும் கேட்கவில்லை.

மிஷனரியின் அன்றாடம் யாழ்ப்பாணத்தில் நடந்தாலும், அவருக்குச் சம்பளம் தந்த சபை பாஸ்டனில் இருந்தது. இந்த மிஷனின் குறைகளில் பலவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. விடுதிப் பிள்ளை ஒருவரின் செலவை அமெரிக்கத் திருச்சபைக்காரர் ஒருவர் ஏற்றால், அவர் விரும்பிய பெயரை அந்தப் பிள்ளைக்குச் சூட்டினார்கள். நதானியேல், எவார்ட்ஸ், கரோல் என்று யாழ்ப்பாணத்து முற்றங்களில் பெயர்கள் புழங்கியது இப்படித்தான். பெற்றோர் வைத்த பெயர் வீட்டோடு நின்றது. பதிவேட்டில் நன்கொடையாளர் பெயர் நின்றது. சில குடும்பங்களில் அது அடுத்த தலைமுறையையும் தொடர்ந்தது: தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளையின் மகன் அழகசுந்தரம், பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்ற பெயரால் அறியப்பட்டார். அந்தப் பணம் இல்லையென்றால் பல ஏழைப் பிள்ளைகள் எழுத்தறிந்திருக்க மாட்டார்கள் என்பது உண்மை. ஆனாலும் உதவி கொடுத்தவர் உதவி பெற்ற பிள்ளையின் பெயரையே தமதாக்கிக்கொண்டது, அந்த உதவியைக் கொடைக்கும் உடைமைக்கும் நடுவே நிறுத்திவிட்டது.

தொலைதூரப் பணப்பையின் ஆபத்து 1837இல் வெளிப்பட்டது. அமெரிக்காவில் நிதி நெருக்கடி வந்தது. பாஸ்டன் சபை செலவைக் குறைக்கச் சொன்னது. யாழ்ப்பாணத்தில் கிராமப் பள்ளிகள் கூட்டமாக மூடப்பட்டன. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்தக் கொட்டில்களில் படித்த பிள்ளைக்கும் நியூயார்க் வங்கிகளுக்கும் என்ன உறவு? ஆனாலும் பாடம் நின்றது. இதைவிட ஆழமாகப் பாதித்தது 1855ஆம் ஆண்டு முடிவு. சபையின் செயலாளர் ரூபஸ் ஆண்டர்சன் நேரில் வந்து பார்த்தார். 1823 முதல் நடந்த வட்டுக்கோட்டைச் செமினரி கணிதமும் வானியலும் இலக்கியமும் தமிழும் கற்றவர்களை உருவாக்கியிருந்தது. ஆனால் அவர்களில் பலர் போதகராகாமல் அரசு வேலைக்குப் போனார்கள். மிஷனின் பணம் திருச்சபையை வளர்க்கத்தான், அதற்குத் தாய்மொழிக் கல்வி போதும் என்பது ஆண்டர்சன் வாதம். அதில் நியாயம் இருந்தது. ஆங்கிலத்தை உத்தியோகத்துக்கான ஏணியாக மட்டும் பார்த்த மனநிலையை அவர் சரியாகவே கண்டார். ஆனால் செமினரியையே மூடியது தவறு. இரண்டே ஆண்டில், 1857இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாக வந்த தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் அங்கே படித்தவர்கள். பாஸ்டனின் கணக்கேட்டில் இப்படிப்பட்ட விளைச்சலுக்குப் பத்தி இல்லை. ஊர் மக்கள் விடாமல் கேட்ட பிறகு, 1872இல் அதே வளவில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது.

எதிர்த்தவர்களும் அந்த விளைச்சலில் ஒரு பகுதிதான். வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்து, பீட்டர் பேர்சிவலின் விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பள்ளி, அச்சுக்கூடம், தெளிந்த உரைநடை, மேடைப் பிரசங்கம் என எல்லாக் கருவிகளையும் மிஷன்களிடமிருந்து எடுத்து அவர்களுக்கு எதிராகவே திருப்பினார்.

இந்த வரலாற்றில் என் மனம் அதிகம் தங்கும் மனிதர் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் வந்து மானிப்பாயில் மருத்துவமனை நடத்தினார். நோயாளியின் நம்பிக்கையை ஒரு வெள்ளைக்காரர் ஓரளவுக்குமேல் பெற முடியாது, ஊருக்கு வேண்டியது ஊரிலேயே வாழும் மருத்துவர் என்று கண்டார். 1860களில் மருத்துவப் பயிற்சியைத் தமிழுக்கே மாற்றினார். மாணவர்களோடு சேர்ந்து உடற்கூறு, அறுவை மருத்துவம், மகப்பேறு, வேதியியல் நூல்களைத் தமிழாக்கினார். 'இரண வைத்தியம்' 1867இலும் 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும் வந்தன. படித்தவன் காற்சட்டைக்கு மாறாமல் தமிழனாகவே உடுத்தி வாழவேண்டும் என்று வற்புறுத்தினார். அறுபதுக்கும் மேற்பட்டோர் அவரிடம் மருத்துவம் கற்றார்கள். பெயரை மாற்றிய அதே மிஷனுக்குள், மாணவனுடைய மொழியையும் உடையையும் காத்த ஒரு ஊழியரும் இருந்தார். பாஸ்டன் என்ன கேட்கும் என்பதைவிட வாசலில் நிற்பவர் என்ன கேட்கிறார் என்பதே அவர் வேலையைத் தீர்மானித்தது. அவர் 1873இல் நாடு திரும்பிய பிறகு, அரசு வேலைக்கு ஆங்கிலப் பட்டம் கேட்டது. தமிழ் வழி மருத்துவப் பயிற்சி நிலைக்கவில்லை. அதற்கு மிஷனை மட்டும் குறைசொல்ல முடியாது. தமிழில் படித்த மருத்துவருக்கு இடம் தராத ஆட்சியும், ஆங்கிலச் சான்றிதழைப் பெரிதாக நினைத்த நாமும் அதற்குப் பொறுப்பு.

இப்படிச் சொல்லும்போது, ஊரின் குரலுக்குச் செவிகொடுத்தால் மிஷனரி தவறமாட்டார் என்று தோன்றலாம். அப்படியல்ல. ஊரின் குரல் என்று அவர்கள் காதில் விழுந்தது பெரும்பாலும் வேளாளர் குரல். தொடக்கத்தில் மாணவர்கள் மிஷன் வளவுக்குள் சமைத்த சோற்றை உண்ண மறுத்தபோது, சைவர் ஒருவரின் நிலத்தில் தனிச் சமையற்கொட்டில் போட்டுக் கொடுத்தார்கள். பள்ளி நடக்கவேண்டுமே என்ற நெருக்கடி புரிகிறது. ஆனால் அந்த விட்டுக்கொடுத்தல் தற்காலிகமாக நிற்கவில்லை. உடுவிலில் மணமாகும்வரை தங்கிப் படித்த பெண்களுக்கு மிஷனே சீதனம் கொடுத்தது. 1840இல் வந்து, ஒருமுறைகூடத் தாய்நாட்டுக்குத் திரும்பாமல் அந்தப் பெண்களுக்காக ஏறத்தாழ நாற்பது ஆண்டு உழைத்த எலைசா அக்னியூவின் அர்ப்பணிப்பை யாரும் மறுக்க முடியாது. ஆயினும் பெண்ணுக்கு எழுத்தைக் கொடுத்த பள்ளி, அவளுக்குச் சீதனம் வேண்டும் என்ற வழக்கத்தையும் கூடவே உறுதிப்படுத்தியது. விக்கிரகத்தை எதிர்த்துத் துண்டுப்பிரசுரம் அச்சிட்டவர்கள், பந்திக்கும் வாங்குக்கும் வந்தபோது தயங்கினார்கள்.

மிஷன் வந்து நூறு ஆண்டுக்குப் பிறகும் யாழ்ப்பாணத்துப் பள்ளிகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் பலர் தரையில்தான் உட்கார்ந்தார்கள். சம ஆசனம், சம போசனம் என்ற கோரிக்கை 1920களில் போராட்டமாக எழுந்தபோது, அதை முன்னெடுத்தவர்களில் மிஷன் பள்ளிகளில் படித்த இளைஞர்களும் இருந்தார்கள். அந்தப் பள்ளிகளின் நிறுவனர்கள் அதை 1820களிலேயே கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் மாணவர் தொகை சரிந்திருக்கும், பாஸ்டனுக்கு அனுப்பும் அறிக்கை மெலிந்திருக்கும், சில பள்ளிகள் மூடிக்கூடப் போயிருக்கும். 1837இல் பணமில்லை என்று பள்ளிகளை மூட முடிந்தவர்கள், இதற்காகவும் சிலவற்றை மூடத் துணிந்திருக்க வேண்டும்.