தந்தப் பிடிலும் தட்டுக்கழியும்

எங்கள் ஆண்டிபட்டியில் வடிவேலு என்று சொன்னால் சினிமா நடிகர்தான் எல்லோருக்கும் ஞாபகம் வருவார். அதில் தப்பில்லை, அவரும் பெரிய கலைஞர்தான். நான் சொல்ல வந்த வடிவேலு 1810-ல் பிறந்து, 1845-ல் மறைந்தவர். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வரில் கடைக்குட்டி. முத்துசாமி தீட்சிதரின் சீடர். பிடில் வித்வான், சாகித்யகர்த்தா, நட்டுவனார் என்று மூன்று தொழில் அவருக்கு. முதல் தொழிலுக்காகத்தான் அவரைப் புகழ்கிறார்கள். மூன்றாவதுதான் பெரிது என்பது என் கட்சி.

முதலில் பிடிலைப் பார்ப்போம். அது வெள்ளைக்காரர்களோடு வந்த வாத்தியம். தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் அதைச் சென்னையில் கற்றுக்கொண்டார். பின்னால் எட்டயபுரம் சமஸ்தானத்தில் வித்வானாக இருந்தார். அடுத்த தலைமுறையில் வடிவேலு அதைத் திருவனந்தபுரம் அரண்மனை வரைக்கும் கொண்டுபோனார். 1834-ல் சுவாதித் திருநாள் மகாராஜா அவருக்குத் தந்தத்தில் செய்த பிடில் ஒன்றைப் பரிசளித்தார். அப்போது வித்வானுக்கு வயது 24, ராஜாவுக்கு 21.

அதே காலத்தில் ஜெர்மனியில் லூயி ஷ்போர் என்று ஒருவர் இருந்தார். அவரும் பிடில் வித்வான், ஆசிரியர், இசை இயற்றியவர். 1820 வாக்கில் பிடிலில் மோவாயைப் பதித்துக்கொள்ள ஒரு கட்டையைப் பொருத்தினார். வாத்தியத்தை மோவாயே பிடித்துக்கொண்டால் இடது கைக்கு விடுதலை. நம்மவர்களுக்கும் அந்த விடுதலை தேவைப்பட்டது. கை தந்தியின் மேல் வழுக்கிப் போகாவிட்டால் கமகம் ஏது? அதற்கு நம்மவர்கள் கண்ட வழி வேறு. தரையில் உட்கார்ந்து, பிடிலின் தலையை வலது கணுக்காலில் ஊன்றிக்கொண்டார்கள். தந்திகளை ஷட்ஜ பஞ்சமத்துக்குச் சேர்த்துக்கொண்டார்கள். அந்நிய வாத்தியம் பாட ஆரம்பித்துவிட்டது. இந்தப் பெருமை ஒருவருக்கு மட்டும் உரியதல்ல. வடிவேலுவுக்கும் அதில் பங்கு உண்டு.

ஷ்போர் 1832-ல் தம் வித்தையைப் புத்தகமாக எழுதிவிட்டார். நால்வரின் புத்தகம் மாணவிகளின் கால்களில் எழுதப்பட்டது. சிதறிக் கிடந்த அடவுகளை வரிசைப்படுத்தியதும், அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று கச்சேரிக்கு ஒரு முறை வகுத்ததும் அவர்கள்தான். கதை எழுதுகிறவன் என்ற முறையில் இந்தக் கட்டுமானத்தைக் கண்டு எனக்குப் பொறாமை. அலாரிப்பில் உடம்பு மட்டும் விழிக்கிறது. ஜதிஸ்வரத்தில் ஸ்வரம் சேருகிறது. சப்தத்தில்தான் சொல் வருகிறது. மூன்றும் கூடி முட்டி மோதும் இடம் வர்ணம். அதற்கு மேல் ஏறினால் ஆடுகிறவளும் தாங்கமாட்டாள், பார்க்கிறவனும் தாங்கமாட்டான் என்று தெரிந்து, பதத்தில் அமர்த்தித் தில்லானாவில் சிரிக்க வைத்து அனுப்புகிறார்கள். எத்தனை நாவல்களில் இந்த நிதானம் இருக்கிறது?

குறை சொல்லவும் இடம் உண்டு. நால்வர் காலத்து வர்ணங்களின் சாகித்தியத்தைத் தனியாக எடுத்துப் படித்தால் சப்பென்று இருக்கும். தெய்வமோ ராஜாவோ நாயகன், நாயகி ஏங்குகிறாள், சகி தூது போகவேண்டும். இலக்கியம் தேடுகிறவனுக்கு ஏமாற்றம்தான். ஆனால் ஒரே வரியைப் பத்து விதமாக அபிநயிக்க வேண்டுமானால் வரி காலியாகத்தான் இருக்கவேண்டும். குடத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டால் ஆடுகிறவள் எதை ஊற்றுவாள்?

என் வருத்தம் வேறு. பத்மநாபரைப் பாடும் காம்போதி அட தாள வர்ணம் ஒன்று உண்டு. வடிவேலு செய்தது என்பார்கள் சிலர். மகாராஜா செய்தது என்பார்கள் சிலர். தீர்ப்புச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் ராஜாவுக்கும் நட்டுவனாருக்கும் நடுவே ஒரு சந்தேகம் எழுந்தால், அதன் பலன் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லச் சங்கீத ஞானம் வேண்டியதில்லை.

நட்டுவனார் எப்போதும் ஓரத்தில் இருக்கிறவர். 1947-ல் தேவதாசி முறை சட்டப்படி ஒழிந்தது, ஒழிய வேண்டியதுதான். அதற்கு முன்பே நாட்டியம் புது வீடுகளுக்குக் குடிபோக ஆரம்பித்திருந்தது. ருக்மிணி தேவிக்குக் கற்றுக்கொடுத்த பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1869–1954) நால்வரின் வம்சம். பரம்பரை வர்ணங்களைக் கட்டிக்காத்து எங்கெங்கோ இருந்து வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த கிட்டப்பா பிள்ளையும் (1913–1999) அதே வம்சம். நாட்டியம் உலகமெல்லாம் போயிற்று. நட்டுவனார் குடும்பங்களின் பெயர் அந்த அளவுக்குப் போகவில்லை.

தந்தப் பிடிலைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். அது ராஜா கொடுத்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கத் தகுந்தது. தட்டுக்கழி வெறும் மரத்துண்டு. ஆனால் வடிவேலுவின் குரல் இன்றைக்குக் கேட்பது அந்தத் தட்டுக்கழியில்தான். அடுத்த அரங்கேற்றத்துக்குப் போகும்போது, மேடையின் ஓரத்தையும் ஒரு நிமிஷம் பாருங்கள்.