பணமும் தாம்பத்தியமும்: ஒரு சீனக் கணக்கில் நேர்ந்த பிழை

கணவன் பணக்காரனாக இருந்தால் மனைவிக்குப் படுக்கையறையில் நிறைவு அதிகம் என்று விஞ்ஞானம் கண்டுபிடித்துவிட்டதாக 2009 ஜனவரியில் பத்திரிகைகள் பெரிய எழுத்தில் போட்டன. நானும் படித்தேன், நம்பினேன். நம்பியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அந்த வருஷம் என் தங்கை மகளுக்கு வசதியான இடத்திலிருந்து வரன் வந்தது, பெண்ணுக்கு இஷ்டமில்லை. நான் தங்கையிடம், "விஞ்ஞானிகளே சொல்றாங்கம்மா, வசதி இருந்தா மத்ததெல்லாம் தானா வரும்" என்றேன். அந்தப் பேச்சு இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

குடும்பத்தோடு படிக்கும் மலரில் இதையெல்லாம் எழுதலாமா என்று சிலர் கேட்கலாம். துறவியான திருத்தக்கதேவர் பாடிய சீவக சிந்தாமணிக்கே மணநூல் என்று ஒரு பேர் உண்டு. ஆகவே கூச்சத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைப்போம்.

ஆய்வைச் செய்தவர்கள் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் பொலெட், டேனியல் நெட்டில் இருவரும். தகவல் அவர்கள் திரட்டியதல்ல. 1999-2000 வாக்கில் சீனாவில் நடந்த உடல்நல, குடும்ப வாழ்க்கைக் கணக்கெடுப்பிலிருந்து எடுத்தது. துணைவர் உள்ள 1534 பெண்களின் பதில்கள் அதில் இருந்தன. உறவின்போது உச்சநிலை எத்தனை தடவை கிட்டுகிறது என்பது கேள்வி. எப்போதும் என்றவர்கள் 121 பேர். அடிக்கடி என்றவர்கள் 408. சில வேளை என்றவர்கள் 762, அதாவது ஏறக்குறைய பாதிப்பேர். அரிதாக அல்லது இல்லவே இல்லை என்றவர்கள் 243. இந்தப் பதில்களை வயது, படிப்பு, உடல்நலம், துணைவரின் உயரம், வருமானம் எல்லாவற்றோடும் வைத்துப் பார்த்து, கடைசியில் வருமானம்தான் முன்னே நிற்கிறது என்று முடிவு கட்டினார்கள். நல்ல துணையை அடையாளம் காண இயற்கை பெண்ணுடலில் வைத்த ஏற்பாடு இது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

நான் பாத்திரக்கடைக்காரன். நாற்பது வருஷமாகப் பேரேடு எழுதுகிறவன். மொத்தத் தொகை சரியாக இருக்கிறதே என்று எந்தக் கணக்கையும் ஒப்புக்கொள்ள மாட்டேன்; ஒவ்வொரு பற்றும் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பேன். அப்படிப்பட்டவன் இதை மட்டும் பார்க்காமல் விட்டேன். கணவனின் வருமானத்தை மனைவி வாயாலேயே கேட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள். நம்ம வியாபாரிகள் வீட்டில் எத்தனை பேர் உண்மையான வரும்படியை வீட்டில் சொல்கிறோம்? சந்தோஷமாக இருக்கிறவள் கொஞ்சம் கூட்டியும், மனக்கசப்பில் இருப்பவள் குறைத்தும் சொல்லமாட்டாளா? இன்னொன்று, அந்தக் காலத்துச் சீனாவில் கடற்கரை மாகாணங்கள் செழித்தன, உள்நாடு பின்தங்கியிருந்தது. பணம் உள்ள இடத்தில் பள்ளிக்கூடமும் இருக்கும், ஆஸ்பத்திரியும் இருக்கும். இதில் எது எதற்குக் காரணம் என்று பிரிப்பது லேசல்ல.

பிரித்துப் பார்த்தவர்கள் ஜெர்மனியின் மியூனிக் நகரத்துப் புள்ளியியலாளர்கள் எஸ்தர் ஹெர்பெரிஷ், டார்ஸ்டன் ஹோட்டோர்ன். அதே தகவலை வைத்து மறுபடி கணக்குப் போட்டார்கள். எந்த அம்சத்தைக் கணக்கில் வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று தேர்ந்தெடுக்கும் படியிலேயே முதல் ஆய்வில் பிழை நேர்ந்திருந்தது. அதைத் திருத்தியதும் கணவனின் வருமானம் ஒன்றுமில்லாமல் போயிற்று. பெண்ணின் சொந்தப் படிப்பு போன்றவைதான் நின்றன. இந்தத் திருத்தம் 2010இல் அதே ஆய்விதழில் இரண்டே பக்கத்தில் வந்தது. பொலெட்டும் நெட்டிலும் அதில் தங்கள் பெயரையும் போட்டுக் கையெழுத்து வைத்தார்கள் என்பதை நான் மிகவும் மதிக்கிறேன். தன் பேரேட்டில் தவறு என்று தானே சொல்லும் வியாபாரியை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆனால் முதல் செய்தி போன வேகத்தில் திருத்தம் போகவில்லை. என் கைக்கு அது பல வருஷம் கழித்துத்தான் கிடைத்தது.

கணக்கு சரியாகவே இருந்திருந்தாலும் விளக்கம் நின்றிருக்குமா என்பது வேறு கேள்வி. எலிசபெத் லாயிட் என்ற அமெரிக்க அம்மையார் 2005இல் இதைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். பெண்ணின் உச்சநிலைக்குப் பரிணாமக் காரணம் சொல்லும் 21 விளக்கங்களை எடுத்துச் சோதித்து, 20க்குப் போதிய ஆதாரமில்லை என்று தள்ளினார். அவர் ஏற்ற ஒன்று, 1979இல் டொனால்ட் சைமன்ஸ் சொன்னது: ஆணுக்கு முலைக்காம்பு இருப்பதுபோல, இருபாலாரின் கரு வளர்ச்சியும் ஒரே அச்சில் தொடங்குவதால் வந்த பக்க விளைவு அது. இதையும் மறுப்பவர்கள் உண்டு. எனக்கும் அதில் முழுத் திருப்தியில்லை. ஆனால் கணவனின் பணப்பெட்டியை எடைபோட இயற்கை வைத்த தராசு என்பதைவிட இது அடக்கமான பேச்சு.

தங்கை மகள் அந்த வரனை மறுத்துவிட்டாள். பிறகு தன்னோடு படித்த பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். நான் போய் ஆசீர்வாதம் செய்தேன், ஆனால் அந்தப் பேச்சைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. போன மாதம் போன் செய்து இந்தத் திருத்தத்தைப் பற்றிச் சொன்னேன். "மாமா, அம்மா அப்பவே என்கிட்ட சொன்னாங்க. நீங்க இவ்வளவு வருஷம் ஞாபகம் வச்சிருக்கீங்களா?" என்று சிரித்தாள்.