ஜெராக்ஸ் எடுத்தால் படித்த மாதிரியா?

உங்களுக்குத் தெரிந்த பிஎச்.டி. மாணவர் யாராவது இருந்தால் அவரிடம், 'தீஸிஸ் எந்த அளவில் இருக்கிறது?' என்று மட்டும் கேட்காதீர்கள். முப்பத்தைந்து வயதுக்காரரிடம் 'கல்யாணம் எப்போ?' என்று கேட்கிற மாதிரி அது. 'எத்தனை பிடிஎஃப் சேர்த்து வைத்திருக்கிறீர்கள்?' என்று கேளுங்கள். முகம் மலரும். லேப்டாப்பைத் திறந்து காட்டுவார். ஐநூறு, அறுநூறு என்று அடுக்கடுக்காக இருக்கும். அதில் எத்தனையைப் படித்தார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நட்பு முக்கியம்.

இந்த வியாதியை 1977லேயே கண்டுபிடித்துச் சொன்னவர் உம்பர்த்தோ எக்கோ. 'ரோஜாவின் பெயர்' நாவலால் பிற்பாடு உலகப் புகழ் பெற்ற இத்தாலியப் பேராசிரியர். நாவலுக்கு மூன்று வருஷம் முன்னால் அவர் மாணவர்களுக்காக ஒரு புத்தகம் எழுதினார். ஆய்வேடு எழுதுவது எப்படி என்று. இத்தாலியில் பல பதிப்புகள் கண்ட இந்தப் புத்தகம் ஆங்கிலத்துக்கு வர 2015 ஆயிற்று. 'ஹவ் டு ரைட் எ தீஸிஸ்' என்று எம்.ஐ.டி. பிரஸ் வெளியிட்டது. தீஸிஸ் எழுதுகிற உத்தேசம் துளியும் இல்லாதவர்களும் படிக்கலாம். நான் சிரித்துக்கொண்டே படித்தேன். பாதிக்கு மேல் சிரிப்பு கொஞ்சம் குறைந்துவிட்டது. காரணம் பிறகு சொல்கிறேன்.

வியாதி இதுதான். அந்தக் காலத்தில் ஜெராக்ஸ். மாணவர் நூலகத்துக்குப் போகிறார். நூறு பக்கம் நகல் எடுக்கிறார். வீட்டுக்குக் கொண்டுவந்து அடுக்குகிறார். கைக்கு வந்துவிட்டதால் மண்டைக்கும் வந்துவிட்டதாக ஒரு திருப்தி. அப்புறம் அதைத் தொடுவதே இல்லை. நகல் எடுப்பது படிக்காமல் இருப்பதற்கு ஒரு நல்ல சாக்கு என்கிறார் எக்கோ. ஜெராக்ஸுக்காவது பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுக்க வேண்டியிருந்தது. பிடிஎஃப் இலவசம். அதனால் வியாதி முற்றிவிட்டது.

எக்கோ யாருக்காக எழுதினார் என்பது முக்கியம். பெரிய நகரத்தில், நல்ல நூலகத்துக்குப் பக்கத்தில், வழிகாட்டிப் பேராசிரியரின் செல்லப்பிள்ளையாக இருக்கிறவருக்காக அல்ல. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர், சின்ன ஊர்க்காரர், 'எங்கே ஆரம்பிப்பது?' என்று கேட்க ஆள் இல்லாதவர். அவருக்காக எக்கோ ஒரு பரிசோதனை செய்து பார்க்கிறார். தன் சொந்த ஊரான அலெஸாந்த்ரியாவின் நூலகத்துக்கு, ஒன்றும் தெரியாத மாணவர் மாதிரி போய் உட்காருகிறார். பதினேழாம் நூற்றாண்டு இத்தாலிய நூல்களில் உருவகம் என்று ஒரு தலைப்பு. கேட்டாலே தூக்கம் வருகிற தலைப்பு. அட்டவணையைப் புரட்டுகிறார், கலைக்களஞ்சியத்தைப் பார்க்கிறார், அதில் அடிக்கடி வருகிற பெயர்களைக் குறிக்கிறார், அந்தப் பெயர்களைத் தேடி மறுபடி அட்டவணைக்குப் போகிறார். மூன்றே பிற்பகல்கள். ஆராய்ச்சியைத் தொடங்கப் போதுமான ஒரு நூற்பட்டியல் தயார். நம் மாவட்ட மைய நூலகத்தில் இதைச் செய்து பார்க்க முடியுமா என்று எனக்கு ஓர் ஆசை வந்தது. முடியும் என்றுதான் நினைக்கிறேன். இன்று கையில் போனும் இருக்கிறதே.

புத்தகத்தின் நடு உயிர், அட்டைகள். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஓர் அட்டை. ஆசிரியர், தலைப்பு, பதிப்பு, வருஷம், எந்த நூலகத்தில், எந்த எண்ணில். படித்தபின் இன்னோர் அட்டை. சுருக்கம், மேற்கோள் பக்க எண்ணோடு, உங்கள் அபிப்பிராயம். தனக்குத் தோன்றிய யோசனைகளுக்கு வேறோர் அட்டை. அடுத்தவர் சொன்னதும் உங்களுக்குத் தோன்றியதும் ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது. ஆறு மாசம் கழித்து நோட்டுப் புத்தகத்தைத் திறந்தால், அந்த அருமையான வாக்கியம் நம்முடையதா, எங்கிருந்தாவது எடுத்ததா என்று நமக்கே தெரியாது. பல 'திருட்டு'கள் இப்படித்தான் நடக்கின்றன. கெட்ட எண்ணத்தால் அல்ல, கெட்ட நோட்டுப் புத்தகத்தால்.

எக்கோவிடம் கண்டிப்பும் உண்டு. மொழிபெயர்ப்பு மூலம் ஆகாது, அது பல் செட்டு மாதிரி என்கிறார். மெல்ல உதவும், ஆனால் சொந்தப் பல் இல்லை. ஒருவர் புத்தகத்தில் இன்னொருவர் எடுத்துக் காட்டியதும் மூலம் ஆகாது. இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு நம்மூர் ஒப்பிலக்கிய ஆய்வேடுகள் பக்கம் போனால் என்ன ஆகும் என்று யோசித்தேன். காஃப்காவை ஆங்கிலத்தில் படித்து, காஃப்காவின் நடையைப் பற்றி எழுதினால், அது யாருடைய நடை?

குறைகள் இல்லாமல் இல்லை. நூற்பட்டியலில் காற்புள்ளி எங்கே, முற்றுப்புள்ளி எங்கே என்று பக்கம் பக்கமாகப் போகிறது. டைப்ரைட்டரில் எப்படி அடிக்கோடு இடுவது என்பதெல்லாம் இன்று மியூசியத்துக்கு. 2006ல் வந்த ஸோட்டரோ என்ற இலவச மென்பொருள் அந்தக் காற்புள்ளி வேலையை நொடியில் செய்துவிடும். ஆனால் மென்பொருள் முதல் அட்டையைத்தான் எழுதும். இரண்டாவது அட்டையை, அதாவது படித்துவிட்டு எழுதுகிற அட்டையை, நீங்கள்தான் எழுத வேண்டும். இந்த வித்தியாசம் புரியாமல் ஸோட்டரோவில் ஆயிரம் தலைப்புகளைச் சேர்ப்பதும் ஜெராக்ஸ் அடுக்குவதும் ஒன்றுதான்.

இப்போது சிரிப்பு குறைந்த இடத்துக்கு வருகிறேன்.

ஆராய்ச்சியாளனுக்குப் பணிவு வேண்டும், யாரையும் அலட்சியமாக ஒதுக்கக் கூடாது என்பதற்கு எக்கோ தன் அனுபவத்தையே சொல்கிறார். தாமஸ் அக்வினாஸின் அழகியல் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்த காலத்தில் ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டார். அப்போது கைகொடுத்தது, பாரிஸில் ஒரு பழைய புத்தகக் கடையில் வாங்கிய புத்தகம். வாலே என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாதிரியார் எழுதியது. புதிதாக ஒன்றும் சொல்லாத, யாரும் மதிக்காத மனிதர். ஆனால் போகிறபோக்கில் அவர் சொன்ன ஒரு வரியில் சிக்கல் அவிழ்ந்துவிட்டது. நீதி: சின்ன ஆசாமி என்று யாரையும் தள்ளாதே.

இத்தாலியில் ஒரு விமர்சகர், இந்த வாலே நிஜ ஆள் அல்ல, தேவதைக் கதையில் வழிப்போக்கனுக்கு மந்திரப் பொருள் தருகிற கிழவர் மாதிரி எக்கோ இட்டுக்கட்டியவர் என்று எழுதினார். எக்கோ விடுவாரா? விமர்சகரைச் சந்தித்தபோது அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துக் காட்டினார். வாலே இருந்தார், சந்தேகமில்லை. ஆனால் தான் அடையாளமிட்டு வைத்த அந்தப் பக்கத்தை அப்போது மறுபடி படித்தபோதுதான் எக்கோவுக்கு அதிர்ச்சி. அந்த யோசனை அங்கே இல்லை! வாலே வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். அதைப் படிக்கும்போது எக்கோவுக்கே தோன்றியதை, அவர் வாலே கணக்கில் எழுதிவிட்டார். இருபது வருஷத்துக்கு மேல், கொடுக்காத ஒன்றுக்காகப் பாதிரியாருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். இதையும் எக்கோதான் வெளியே சொன்னார். யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அட்டைகளின் ஆசானுக்கே அடி சறுக்கியிருக்கிறது. அப்படியானால் இத்தனை அட்டையும் எதற்கு என்று கேட்கலாம். எனக்கு இது நேர்மாறாகப் படுகிறது. புத்தகம் அலமாரியில் இருந்தது. பக்கத்தில் அடையாளம் இருந்தது. அதனால்தான் திரும்பிப் போக முடிந்தது, தவறு தெரிந்தது. மூலங்களை ஒழுங்காக வைத்துக்கொள்வது தவறே செய்யாமல் இருப்பதற்கு அல்ல. செய்த தவறுக்குத் திரும்பிப் போக வழி வைத்துக்கொள்வதற்கு. அடிக்குறிப்பு என்பது முன்பின் தெரியாத வாசகருக்குக் கொடுக்கிற வாக்கு. 'நான் சொல்வதை நம்ப வேண்டாம், இந்த இடத்துக்குப் போய் நீங்களே பாருங்கள்.' அங்கே போனால் அது இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

நமக்கு இது புதுசு இல்லை. உ.வே.சா. 1894ல் புறநானூற்றைப் பதிப்பித்தார். எந்த ஊரிலிருந்து, யார் வீட்டிலிருந்து ஏடு கிடைத்தது என்று முன்னுரையில் எழுதுவது அவர் வழக்கம். பாடவேறுபாடு இருந்தால் மறைக்கமாட்டார். நம் காலத்தில், 2000ல், ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த 'புதுமைப்பித்தன் கதைகள்' வந்தது. ஒவ்வொரு கதையும் முதலில் எந்த இதழில், எப்போது வந்தது என்று தேடிப்பிடித்துப் போட்டிருப்பார். அந்தக் குறிப்புகளுக்குப் பின்னால் எத்தனை நூலகத் தூசி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதை எடுத்துப் பயன்படுத்துகிற எத்தனை பேர் 'பதிப்பாசிரியருக்கு நன்றி' என்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நாட்டுடைமையான புத்தகத்தை ஆளாளுக்கு அச்சடிக்கிறார்கள். முதல் பதிப்பு எந்த வருஷம் என்ற குறிப்பைக்கூடச் சிலர் போடுவதில்லை. நீங்கள் 'பக்கம் 47' என்று எழுதுகிறீர்கள். என்னிடம் இருக்கிற பதிப்பில் 47ஆம் பக்கத்தில் வேறு கதை ஓடுகிறது. ஆகவே நூலகத்தில் போனை எடுத்தால், வேண்டிய பக்கத்தைப் படம் பிடிப்பதற்கு முன்னால், தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் பிடித்துக்கொள்ளுங்கள். பதிப்பும் வருஷமும் அங்கேதான் இருக்கும். இந்த ஒரு பழக்கம், சமர்ப்பிக்கிற கடைசி வாரத்தில் உங்களைக் காப்பாற்றும்.

'இதற்கெல்லாம் யு.ஜி.சி. விதி இருக்கிறதே சார்' என்பீர்கள். இருக்கிறது. 2018 விதிகளின்படி ஒற்றுமை பத்து சதவீதம் வரை போனால் தண்டனை இல்லை. அறுபதைத் தாண்டினால் ஆராய்ச்சிப் பதிவே ரத்து. நல்லது. ஆனால் மென்பொருள் அளப்பது வாக்கியங்களின் ஒற்றுமையை. அடிக்குறிப்பு சொல்கிற இடத்தில் அந்தச் செய்தி இருக்கிறதா என்று அது போய்ப் பார்க்காது. படிக்காத புத்தகத்தைப் படித்ததாகக் குறிப்பிட்டால் என்ன சதவீதம் வரும்? பூஜ்யம். பொய்க்கு ஒற்றுமை கிடையாது. அது எப்போதும் சொந்தப் படைப்புதான்.

அதிலும் இப்போது வேலை சுலபமாகிவிட்டது. 2023ல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கொடுத்த முன்தீர்ப்புகளைக் கோர்ட்டில் தாக்கல் செய்தார்கள். வழக்கின் பெயர், நீதிமன்றம், மேற்கோள் எல்லாம் கச்சிதம். ஒரே குறை, அந்த வழக்குகள் நடக்கவே இல்லை. ஐயாயிரம் டாலர் அபராதம். ஒருவராவது எழுந்து போய் அந்தத் தீர்ப்பைத் தேடி எடுத்துப் படித்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். எக்கோவின் வாலே இட்டுக்கட்டிய ஆள் மாதிரி இருந்தார், நிஜமாக இருந்தார். இவை நிஜம் மாதிரி இருந்தன, இல்லவே இல்லை. இரண்டையும் பிரித்துக் காட்டியது ஒன்றே ஒன்று. அலமாரி.

ஒரு நல்ல செய்தியோடு முடிக்கலாம். புத்தகத்தின் ஆரம்பத்தில் எக்கோ குறும்பாக ஒரு யோசனை சொல்கிறார். அவசரமாகத் தீஸிஸ் வேண்டுமென்றால், வேறு பல்கலைக்கழகத்தில் யாரோ எழுதியதைப் பார்த்துக் காப்பி அடித்துவிடுங்கள் என்று. அந்த வழி இங்கே கிட்டத்தட்ட அடைபட்டுவிட்டது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளை ஷோத்கங்கா தளத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். நீங்களும் ஒருநாள் ஒன்றைத் திறங்கள். ஏதாவது ஓர் அடிக்குறிப்பைத் தேர்ந்தெடுங்கள். அது சொல்கிற புத்தகத்தைத் தேடி, அது சொல்கிற பக்கத்துக்குப் போய்ப் பாருங்கள்.

அங்கே அது இருந்தால், எழுதியவருக்கு மனசுக்குள் ஒரு சலாம் போடுங்கள். முகம் தெரியாத உங்களுக்காக அவர் ஒரு மத்தியானத்தைச் செலவழித்திருக்கிறார்.